எந்த வாசலில் சைக்கிளை நிறுத்துவது

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், உங்களில் யாராவது வாசியுங்கள், வாசித்து முடிக்கும்வரை நான் வெளியே போய் டீ குடிக்கிறேன் என்றேன். சரி என்றார்கள். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு கற்றதெல்லாம் மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்று கற்றது.

எந்த மாத்திரை எதற்கு, என்ன கேள்வி கேட்டு எங்கே எழுத வேண்டும் என்பதையெல்லாம் டாக்டரும் மேடமும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் எனக்கு வேலை இல்லை. அவர்கள் சொல்லித் தந்ததெல்லாம் சட்டென்று மறந்துபோய், எதிரே ஒரு குடும்பம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நம் மனநல நிலையம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. மதுரையிலிருந்து டாக்டர் வாரம் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் மேடம் இருப்பார். மேடம் என்றால் மன ஆலோசகர். என்னைவிட வயதில் இளையவர். பேச்சில் மிளகாய் இருக்கும், ஆனால் யாருடைய கண்ணிலும் தூவ மாட்டார். நான் வாசல் பெருக்கவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் சேர்ந்தவன். ஒருநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, "நாளையில இருந்து நீங்க ஊருக்குள்ள போங்க" என்றார்.

"எனக்குப் பேச வராதே மேடம்."

"அதனாலதான் சொல்றேன். பேசத் தெரிஞ்ச ஆளுங்களை அனுப்பினா அவங்களே பேசிட்டு வந்துடறாங்க. நீங்க சும்மா உக்காந்திருப்பீங்க. பொறுக்க முடியாம எதிர்ல இருக்கறவங்க பேசிருவாங்க."

இப்படித்தான் கூச்சம் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

முதல் முகாமை ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டோம். ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் செய்தோம். அறிவிப்புச் சொல்ல அமர்த்திய ஆள் அதுவரை சர்க்கஸுக்கும் ஜவுளிக் கடைக்கும் சொல்லிப் பழகியவர். "மனநோயா? பிரமையா? பேய் பிடித்தது போல் ஆட்டமா? வாருங்கள்! இன்றே வாருங்கள்!" என்று ரத வீதிகளில் முழங்கினார். மறுநாள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெஞ்சு போட்டு டாக்டரும் மேடமும் காத்திருந்தார்கள். பல் வலிக்கு ஒருவர் வந்தார். பிள்ளைக்குப் பூச்சி மருந்து கேட்டு ஓர் அம்மா வந்தார். மத்தியானத்துக்கு மேல் ஒருவர் தன் ராஜபாளையம் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யாரு வந்தாலும் பாஞ்சுக்கிட்டுப் போவும் சார். இப்பக் கொஞ்ச நாளா யாரையும் கடிக்க மாட்டேங்குது. அதுக்கு மனசுல என்னவோ வருத்தம்."

டாக்டர் நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது தெளிவா இருக்கு. இன்னைக்கு வந்ததுல இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில் நாங்கள் சிரித்துச் சிரித்துக் களைத்தோம். பிறகு மேடம் அமைதியாகச் சொன்னார்: "ஒலிபெருக்கியில பைத்தியம்னு கூப்பிட்டா யார் வந்து 'உள்ளேன்'னு சொல்லுவாங்க? தப்பு நம்மளது. கேள்வியை மாத்தணும்." அவர் மாற்றித் தந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "நல்லாத் தூங்குறீங்களா?"

அதைக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. தூங்குகிறேன் என்பவர் சிரித்துவிட்டுப் போவார். தூங்காதவர் நம்மைப் பார்க்கும் விதமே மாறும். ஏன் தூங்கவில்லை என்று அவரே ஆரம்பிப்பார். கடன், மாமியார், வயிற்று வலி என்று சுற்றி வந்து, கடைசியில் யாரிடமும் சொல்லாத இடத்தில் வந்து நிற்பார். ஊருக்குள் எனக்குத் தூக்கக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. பையன்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக் காட்டுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது மம்சாபுரத்தில் நடந்ததற்கு வருகிறேன். நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது முக்கியமாக இதுதான்.

ஊர் ஊராகப் போவதற்கு எனக்கு நிலையத்தில் ஒரு சைக்கிள் வாங்கித் தந்தார்கள். புதுசு. எல்லாருக்கும் அதில் ஒரே பெருமை. பெருமையில் என்ன செய்தோம் என்றால், ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டு, கம்பிக்கு நடுவில் ஒரு தகரம் அடித்து, அதில் மஞ்சள் எழுத்தில் "மனநல மருத்துவ நிலையம்" என்று எழுதி மாட்டினோம். பால்காரர் வண்டியில் கேன் தொங்குவது போல என் வண்டியில் அது தொங்கியது. நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்று டாக்டர் உட்பட எல்லாரும் நினைத்தோம். நாலு பேர் பார்த்தார்கள். அந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்றும் பார்த்தார்கள்.

மம்சாபுரத்தில் கருப்பசாமி என்ற வாலிபன் நம்மிடம் மருந்து சாப்பிட்டுவந்தான். ஒரு காலத்தில் அவனுக்குக் காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வீட்டை விட்டுப் போய்விடுவான். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார், கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள், எதுவும் நிற்கவில்லை. நம் நிலையத்துக்கு வந்து மருந்து ஆரம்பித்த பிறகுதான் நின்றது. கை மட்டும் லேசாக நடுங்கும். அதையும் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் போய்க்கொண்டிருந்தான். முதலாளி அவன்மேல் குறை சொன்னதில்லை.

அந்த வீட்டில் மாத்திரைக்குப் பொறுப்பு அவன் தங்கை செல்வி. வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற பெண். ஒரு கையால் பெட்டி மடித்துக்கொண்டே மறு கையால் அண்ணனுக்கு மாத்திரையும் தண்ணீரும் நீட்டுவாள். அம்மா முத்தம்மாளுக்கு இந்த மாத்திரையில் பாதி நம்பிக்கைதான். களையெடுக்கப் போகிறவர். புருஷன் இல்லை. முன்பு ஒருமுறை, பையன்தான் சரியாகிவிட்டானே என்று அவராகவே மருந்தை நிறுத்திவிட்டார். அந்த மழைக்காலத்தில் கருப்பசாமி காணாமல் போய், மலையடிவாரத்தில் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தவனைத் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதிலிருந்து அவனை மறுபடி மேலே கொண்டுவருவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

செல்விக்குச் சோழபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. பெண் பார்க்க அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். வருகிறோம் என்று சொன்ன நாளுக்கு முன்னால், சொல்லாமல் ஒரு தடவை வந்து பார்ப்பார்கள். சொன்ன நாளில் எல்லா வீடும் லட்சணமாகத்தான் இருக்கும். சொல்லாத நாளில் வாசல் எப்படி இருக்கிறது, அக்கம்பக்கம் என்ன சொல்கிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

அப்படி அவர்கள் வந்த அன்றுதான் நானும் மாத்திரையோடு போயிருந்தேன். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கருப்பசாமி தோப்புக்குப் போயிருந்தான். மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் பஸ்ஸை விட்டு இறங்கி, முக்கு டீக்கடையில் முத்தம்மா வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் நல்ல மனிதர். கையை நீட்டி, "அந்தா, தகரம் மாட்டின சைக்கிள் நிக்குதுல்லா, அந்த வீடுதான்" என்று அடையாளம் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே ஓர் ஆண் குரல் எழுத்துக் கூட்டி வாசிப்பது கேட்டது. "மன… நல… மருத்துவ…" அதோடு நின்றது.

செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "யம்மா, சோழபுரத்து ஆளுக."

பிறகு காலடிச் சத்தம் நம் வாசலுக்கு வராமல் எதிர்ப் பக்கம் போனது. எதிர் வீட்டில், "குடிக்கச் செத்த தண்ணி குடுங்க தாயி" என்று ஒரு பெண் குரல் கேட்டது. எதற்கான தண்ணீர் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

முத்தம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த நொடி எழுந்து, மாடத்தில் இருந்த மாத்திரைக் கவரை எடுத்து என் பைக்குள் திணித்தார். "கொண்டுட்டுப் போயிருங்க தம்பி. எம் பையனுக்கு நல்லது செய்யுதோம்னு எம் பொண்ணு தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியளே. இந்தச் சம்பந்தம் மட்டும் முறிஞ்சுது, இனி ஒத்த மாத்திர இந்த நடையேறப் படாது. நீங்களும் வரப்படாது."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சம்பந்தம் போனால் மாத்திரை போகும். மாத்திரை போனால் மறுபடியும் அந்த மலையடிவாரம். இவ்வளவும் என் கண் முன்னால் வரிசையாக ஓடியது. எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

செல்வி குறுக்கே நின்றாள். கையில் பசை காய்ந்திருந்தது.

"பின்வாசல்ல போனா களவாணின்னு நெனப்பாவ. முன்வாசல்லயே போங்க அண்ணாச்சி. சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயி அடுத்த வீட்டு வாசல்ல நிறுத்துங்க. அங்க தூக்கத்த விசாரிங்க. பொறவு அதுக்கடுத்த வீடு. தெரு பூராப் போங்க. எங்க வீட்டு வாசல்ல மட்டும் நின்னாத்தான அது அசிங்கம்? எல்லா வீட்டு வாசல்லயும் நின்னா அது தபால்காரர் வண்டி மாதிரி."

"எனக்குக் கூச்சமா இருக்கு தாயி."

"எனக்குக் கலியாணம் அண்ணாச்சி!"

அந்தப் பதிலுக்கு மேல் நிற்க முடியுமா? நான் வெளியே வந்தேன்.

எதிர் வீட்டுத் திண்ணையில் தாய்மாமன் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை. நான் தகரம் தெரியச் சைக்கிளைத் தள்ளி அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஓர் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத் தூங்குறீங்களாம்மா?"

"தூங்குனா ஒமக்கென்ன, தூங்காட்டி ஒமக்கென்ன? பாய் விக்க வந்தீரா?"

"இல்லம்மா, தூக்கம் வராதவங்களுக்கு எங்க டாக்டர் வைத்தியம் பாக்குறாரு."

"மொளவாய்க்குக் காவல் இருக்குற கழுதைக்குத் தூக்கம் எங்கிட்டு வரும்? கோழியப் பத்திவிட ஆளு அனுப்பச் சொல்லும் ஒம்ம டாக்டர."

நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே கதவு திறந்த பெண் என் கேள்வி முடியும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "எங்க தூங்க? இந்த மனுசன் விடுத கொறட்டையில ஓடு பறக்குது."

உள்ளேயிருந்து, "ஏட்டி, தெருவுல போறவன் கிட்டல்லாம் ஏன் சொல்லுதே?" என்று ஒரு குரல்.

"தெருவுல போறவருக்கே கேட்டுத்தான வந்திருக்காரு, நான் வேற சொல்லணுமாக்கும்!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கூச்சம் கொஞ்சம் இறங்கியது. இன்னும் சில வாசல்கள் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் ஒருவர் என்னைத் தனியே மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப்போய், நெஞ்சு படபடக்கிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, யாரிடம் காட்டுவது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருக்கு நிலையம் இருக்கும் இடத்தைச் சொன்னேன். நாடகமாக ஆரம்பித்தது நிஜமாகவே வேலையாகிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தெருவின் இந்தப் பக்கம் முடிந்தது. திரும்பி வரும்போது எதிர் வரிசையில் சோழபுரத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த வீடு வந்தது. அதை விட்டுவிட்டுப் போனால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். சைக்கிளை அங்கேயும் நிறுத்தினேன்.

அது பாக்கியத்தம்மாள் வீடு. செல்வியின் மேல் பிரியமுள்ளவர். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு சத்தமாகச் சொன்னார்: "வாரும் தூக்கக்காரரே! நேத்துதான எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீரு, இன்னைக்குமா?"

அவர் எனக்குக் கை கொடுக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் நான் நேற்று வரவில்லையே. என் வாய் என்னைக் கேட்காமலே, "இல்லம்மா, உங்க வீட்டுக்கு இன்னைக்குத்தான் வாரேன்" என்று சொல்லிவிட்டது.

பாக்கியத்தம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மூட்டை வசவு இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். ஒல்லியான உருவம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "தம்பி, இங்க வாங்க. எதிர்வீட்டுலதான் மொதல்ல உங்க வண்டி நின்னுச்சு. அந்த வீட்டுல யாருக்கு என்ன?"

தாய்மாமன் முன்னால் சாய்ந்தார். "ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்லும். ஒரே வார்த்த."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்றாவது ஒருநாள் நிற்பீர்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஒன்றுமில்லை என்றால் பொய். இன்னாருக்கு இன்னது என்றால் துரோகம். மேடம் வேலைக்கு அனுப்பிய முதல் நாளே சொல்லியிருந்தார், "உங்க வாயில நோயாளி பேரும் வரக் கூடாது, பொய்யும் வரக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல இடம் ரொம்பக் குறுகலா இருக்கும். ஒல்லியா நின்னுக்கங்க." ஒல்லியாக நின்றேன்.

"எந்த வீட்டுல யாருக்கு என்னன்னு நான் சொல்ல மாட்டேம்மா. நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்தாலும், உங்களுக்கு என்னன்னு அடுத்த வீட்டுல சொல்ல மாட்டேன்."

தாய்மாமன் தொடையைத் தட்டினார். "அப்ப இருக்குன்னுதான அர்த்தம்! எந்திரிக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரு கேள்விதான். அதையே கேட்டேன்.

"நீங்க நல்லாத் தூங்குறீங்களாம்மா?"

அவர் செம்பை எடுத்தார், அதில் தண்ணீர் இல்லை. "எம் மவனோட அப்பா போனதுல இருந்து…" என்று ஆரம்பித்து, தம்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் தெருவில் கருப்பசாமி வந்துகொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவன்தான். "ஒங்க வீட்டுக்கு வந்த விருந்தாளுக எதிர்வீட்டுல உக்காந்திருக்காவ" என்று டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். தோளில் இளநீர்க் குலை, இடுப்பில் அரிவாள். நேராகப் பாக்கியத்தம்மாள் வீட்டுக்கு வந்து, குலையை இறக்கி, எல்லாரையும் கும்பிட்டான். எதிரே முத்தம்மாள் வாசற்படியில் வந்து நின்றார்.

கருப்பசாமி ஓர் இளநீரைச் சீவி அந்த அம்மாவிடம் நீட்டினான். சீவும்போது கை உறுதியாக இருந்தது. நீட்டும்போது நடுங்கி, கொஞ்சம் சிந்தியது.

"கை ஏன்ல நடுங்குது? குடியா?" என்றார் தாய்மாமன்.

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். ஆனால் அது என்னுடைய விஷயம் இல்லை என்று ஏதோ என்னைப் பிடித்து நிறுத்தியது. நல்லவேளை நிறுத்தியது.

"குடியில்ல மாமா, மாத்திர" என்றான் கருப்பசாமி. "முன்ன எனக்கு மனசு சொகமில்லாம இருந்துச்சு. ஆளே இல்லாம காதுக்குள்ள பேச்சுக் கேக்கும். தூக்கமே கெடையாது. இந்தா நிக்காகள்ல, இந்த அண்ணாச்சி சைக்கிள்லதான் எனக்கு மாத்திர வருது. இப்பப் பேச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை மட்டும் செத்த ஆடும். அதுவும் கொறஞ்சுரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க இந்தாங்க, இதுல வழுக்கை நல்லாருக்கும்."

மிளகாய்க்கார அம்மா கோழியைக்கூட விரட்டவில்லை. நான் சொல்ல மறுத்ததை, நானும் முத்தம்மாளும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் மூடிப் பிடித்திருந்ததை, அவன் இளநீரோடு இளநீராக எடுத்து நீட்டிவிட்டான். அதைச் சொல்லும் உரிமை அந்தத் தெருவில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. நாம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு இருந்தாலும், அந்த உரிமையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது. அதைத்தான் நான் அன்று நேரில் பார்த்தேன்.

அந்த அம்மா இளநீரை முழுவதும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை சொல்லாமல், தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முத்தம்மாள் வீட்டுக்குள் போய்விட்டார். செல்வி மட்டும் என் பைக்குள்ளிருந்து மாத்திரைக் கவரை எடுத்துக்கொண்டாள். "பதில் வார வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன். அம்மா வையத்தான் செய்யும். கேட்டாத்தான?" என்றாள்.

நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பெயிண்டரைக் கூப்பிட்டுத் தகரத்தைக் கழற்றச் சொல்லலாமா என்று டாக்டர் கேட்டார். மேடம் வேண்டாம் என்றார். "கழட்டினா, ஒளிக்க வேண்டிய விஷயம்தான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். இனிமே ஒரு ஊருக்குப் போனா ஒரு வீட்டுக்குப் போக வேண்டாம், தெருவுக்குப் போங்க." அன்றிலிருந்து அதுதான் நம் முறை. இப்போது நீங்கள் ஒவ்வொரு தெருவிலும் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறீர்களே, வெயிலில் இது எதற்கு என்று உங்களில் ஒருவர் சலித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். தீப்பெட்டி ஒட்டிய ஒரு பெண் தன் கல்யாணத்துக்காகக் கண்டுபிடித்தது அது. அவளைத்தான் கேட்க வேண்டும்.

டாக்டர் வரும் நாள் வந்தது. கருப்பசாமி மாதாந்திரப் பரிசோதனைக்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூட முத்தம்மாள். பதில் எதுவும் வராததால் முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மம்சாபுரத்தின் தொழுவத்துக்காரரும் வந்திருந்தார், குறட்டை வீட்டு அம்மா புருஷனை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வாலிபன் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவன் போல, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

சோழபுரத்து அம்மா.

என்னைப் பார்த்ததும், "பொய் சொல்லத் தெரியாத ஆளு இருக்கிற எடம்னுதான் தைரியமா வந்தேன்" என்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் கூரையைப் பார்த்தேன்.

பெஞ்சில் இடம் இருந்தது கருப்பசாமிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அந்த அம்மா ஒரு கணம் தயங்கினார். பிறகு போய் உட்கார்ந்தார். முத்தம்மாள் பதறி எழுந்து நின்றார். மாப்பிள்ளைப் பையன் என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டான். குறட்டைக்காரர் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்து, மனைவியிடம் இடி வாங்கினார்.

அந்த அம்மாவின் முறை வந்தது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டபோது, இருந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"டாக்டரய்யா, என் தூக்கத்த அப்புறம் பாப்போம். எனக்கு ஒண்ணு தெரியணும். ஊருக்குள்ள விசாரிச்சதுல, இந்தப் பையனுக்கு மாத்திர எடுத்துக் குடுக்கது அவன் தங்கச்சிதானாமே. நாளைக்கு அவ எங்க வீட்டுக்கு வந்துட்டா, இவனுக்கு யாரு குடுப்பா?"

அறையில் டாக்டரும் வாசலில் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை நாள் அந்த வீட்டுக்குப் போய்வந்த நானும் அதை யோசித்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்குள் சம்மதமும் இருந்தது என்பது முத்தம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, இதுவரை ஒருநாளும் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தறியாத அந்த மனுஷி, "நான் குடுப்பேன் மதினி, நான் குடுக்காம வேற யாரு?" என்றார்.

கருப்பசாமி அம்மாவைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான்.

"யாரும் குடுக்க வேண்டாம் அத்த. நானே எடுத்துச் சாப்புட்டுக்கிடுவேன்."

அத்தை என்று அவன் அழைத்ததைப் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம். அவர் அதை ஏற்பாரா என்று எல்லாரும் அவரையே பார்த்தோம்.

"சாப்புட்டா மட்டும் போதாது மருமவனே" என்றார் அவர். "மாசா மாசம் இங்க வரும்போது என்னையும் சேத்துக் கூட்டிட்டு வரணும். எனக்குத் தனியா வரக் கூச்சமா இருக்கு."